வழி அமைத்தவனுக்கு வழியில் என்ன உரிமை?

ஒருவன் தன் பொருளைச் செலவிட்டு நம் வயலுக்குச் செல்லும் வழியை அமைத்துத் தருகிறான் என வைத்துக்கொள்வோம். அவ்வழியில் நாம் நடக்கிறோம். நம் வண்டிகள் போகின்றன. நம் விளைபொருள் சந்தையை அடைகிறது. இனி அவ்வழியின் மீது அவனுக்குள்ள உரிமை யாது? செலவிட்ட பொருள் கைக்குத் திரும்பும் வரையில்தான் அவ்வுரிமையா, அதற்கு அப்பாலும் நீளுமா? வழியோரத்தில் பெயர்ப்பலகை நடும்போது அதை எந்த மொழியில் எழுதுவது என்பதையும் அவனே தீர்மானிக்கலாமா? அண்டை வீட்டாருக்குள் எழ வேண்டிய இந்தக் கேள்விகள் இன்று நாடுகளுக்கு இடையே எழுந்துள்ளன. 2013ஆம் ஆண்டில் சீனம் அறிவித்து, மக்கள் ‘புதிய பட்டுப் பாதை’ என வழங்கும் பெருந்திட்டம் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் துறைமுகங்களையும் நெடுஞ்சாலைகளையும் இருப்புப்பாதைகளையும் மின்நிலையங்களையும் எழுப்பியிருக்கிறது. நமக்கு மிக அண்மையில் அதன் தடம் பதிந்துள்ள நாடு இலங்கை.

கெலமங்கலத்தில் அமர்ந்துகொண்டு கடல் கடந்த துறைமுகங்களைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் இந்த எல்லையூருக்குப் பிறர் அமைத்த வழிகள் புதியன அல்ல. 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் படை சீரங்கப்பட்டணத்தை நோக்கிச் செல்கையில் இங்கேதான் பாளையம் இறங்கிற்று. மே மாதம் பிறந்து நான்கு நாள்களுக்குள் திப்பு சுல்தான் போர்க்களத்தில் உயிர் நீத்தார். பின்னர் இருப்புப்பாதை வந்தது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் போடப்பட்ட குறும்பாதை 1913இல் ஓசூர் வரை நீண்டது. இப்பகுதி மக்கள் அதை நம் ரயில் என்றே எண்ணியிருப்பர். ஆனால் 1941இல் அப்பாதை மூடப்பட்டது. தண்டவாளங்கள் போர்த் தேவைக்கெனப் பெயர்த்தெடுக்கப்பட்டன. யாருடைய போர், யாருடைய தேவை என்று ஊராரை யாரும் கேட்கவில்லை. மறுபடியும் ரயிலைக் காண இவ்வட்டாரம் கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது.

பயன்படுத்துபவன் ஒருவன், உரியவன் வேறொருவன் என்பதை அந்தத் தண்டவாளம் நமக்குக் கற்பித்தது. இந்தியாவில் தொடக்க காலத்தில் இருப்புப்பாதை அமைத்த லண்டன் நிறுவனங்களுக்கு 1849 முதல் ஐந்து விழுக்காடு வருவாய்க்கு அரசு உறுதியளித்திருந்தது என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். வண்டியில் ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் முதல் போட்டவனுக்கு அந்த ஐந்து விழுக்காடு வந்து சேரும். குறைவதை இந்தியக் குடியானவனின் வரிப்பணம் நிரப்பும். கடனால் வழி அமைப்பதையும், அந்த வழியால் ஒரு நாட்டைக் கட்டுவதையும் உலகுக்குக் கற்றுக்கொடுத்தது சீனம் அன்று. இதை முதலில் சொல்லிவிடாமல் சீனத்தின் மீது குறை காண்பது நேர்மையாகாது.

இலங்கைக்கும் சீனத்துக்கும் உள்ள உறவின் ஆழத்தை அறிய ஒரு கல்லைப் பார்க்க வேண்டும். அது 1911இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த கல் அது. அதில் பொறிக்கப்பட்ட ஆண்டு 1409. செங் ஹே யுன்னான் மாநிலத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தந்தையும் பாட்டனாரும் ஹாஜி என்றே அழைக்கப்பட்டனர். கல்லில் மூன்று மொழிகள் உள்ளன: சீனம், தமிழ், பாரசீகம். சீனப்பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப்பகுதி தேனவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப்பகுதி இஸ்லாத்தின் இறைவனைப் போற்றுகிறது. பொன்னும் வெள்ளியும் பட்டும் எண்ணெயும் எனக் காணிக்கைகள் மூவருக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் பட்டியலிடப்பட்டுள்ளன. அக்காலத்து இந்துமாக் கடலில் வாணிபம் நடத்தியவர்கள் எந்தெந்த மொழியினர் என்பதை அந்தச் சீன மாலுமி நன்கறிந்திருந்தார். தமிழும் அக்கடலுக்கு அந்நியமன்று. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது.

கதை இவ்வளவோடு முடிந்திருந்தால் அது நட்புக்கு எடுத்துக்காட்டாக விளங்கியிருக்கும். ஆனால் அதே பயணத்தில், 1411இல், இலங்கையின் ஆட்சியாளன் அழகேசுவரனோடு செங் ஹே போரிட்டு, அவனைச் சிறைபிடித்துச் சீனத் தலைநகருக்குக் கொண்டு சென்றார். பேரரசர் பின்னர் அவனை விடுவித்தார் என்பது வேறு செய்தி. மூன்று தெய்வங்களுக்கும் சரிசமமாகக் காணிக்கை செலுத்திய கையும் அரசனைக் கட்டி இழுத்துச் சென்ற கையும் ஒன்றே. காணிக்கை பொய்யென்றும் படைதான் மெய்யென்றும் சிலர் முடிவு கட்டுவர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. வலியவன் தரும் கொடை உண்மையான கொடையாகவும் இருக்கலாம். அவனுடைய வலிமை அக்கொடையால் குறைவதில்லை என்பதே பெறுபவன் மறவாதிருக்க வேண்டியது.

நவீன காலத்தில் இவ்வுறவு தொடங்கிய விதம் நல்லதாகவே இருந்தது. 1952இல் இலங்கையில் அரிசித் தட்டுப்பாடு. ரப்பர் விலையோ வீழ்ச்சியில். அப்போது சீனத்தோடு தூதரக உறவுகூட இல்லாத இலங்கை, ஆண்டுக்கு 50,000 டன் ரப்பர் தந்து 2,70,000 டன் அரிசி பெறும் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. அமெரிக்கா சினந்து உதவியை மறுத்தும் இலங்கை பின்வாங்கவில்லை. இரு பக்கமும் பசியும் தேவையும் இருந்தன. இரு பக்கமும் கொடுத்தன, பெற்றன. 1973இல் கொழும்பில் திறக்கப்பட்ட பண்டாரநாயக்க நினைவு மாநாட்டு மண்டபம் சீனம் அன்பளிப்பாகக் கட்டித் தந்தது. அம்மண்டபத்துக்காக இலங்கை எவருக்கும் வட்டி கட்டவில்லை.

இனி அம்பாந்தோட்டைக்கு வருவோம். தென்கோடியில் உப்பளங்களும் வறண்ட காடுகளும் சூழ்ந்த ஊர் அது. மலாய் முஸ்லிம்களும் சோனகர்களும் பல தலைமுறைகளாக அங்கு வாழ்கின்றனர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அவர்களின் தெருக்களை வாரிச் சென்றது. ஆழ்கடலில் கிழக்கு மேற்காகச் செல்லும் கப்பல்கள் அவ்வூருக்குச் சில மைல் தொலைவில் கடந்து போகின்றன. அக்கப்பல்களை ஏன் நிறுத்தக்கூடாது என்னும் கனவு சீனத்தில் பிறந்ததன்று, இலங்கையில் பிறந்தது. 2003இல் கனடா நாட்டு நிறுவனமும் 2006இல் டென்மார்க் நிறுவனமும் அதனை ஆய்ந்தன. அம்மாவட்டத்து மகனான மகிந்த ராஜபக்ச 2005இல் குடியரசுத் தலைவரானார். முதலில் இந்தியாவிடமே கேட்டதாக அவர் பின்னாளில் கூறினார். இறுதியில் 2007இல் சீனத்தின் ஏற்றுமதி இறக்குமதி வங்கி 30 கோடியே 70 லட்சம் டாலர் கடன் தந்தது, வட்டி 6.3 விழுக்காடு. சீன நிறுவனங்களே கட்டுமானத்தையும் செய்தன. 2010 நவம்பரில் துறைமுகம் திறக்கப்பட்டது.

கப்பல்கள் வரவில்லை. கொழும்புத் துறைமுகம் அருகிலேயே இருக்கையில், பின்னால் ஆலைகளோ பெருநகரோ இல்லாத துறைமுகத்துக்கு எந்த வணிகன் திரும்புவான்? அதற்கண்மையில் மத்தளவில் இன்னொரு சீனக் கடனால் 2013இல் திறக்கப்பட்ட பன்னாட்டு விமான நிலையத்தின் சரக்குக் கூடத்தில் ஒரு கட்டத்தில் நெல் மூட்டைகள் அடுக்கப்பட்டன. நெல்லுக்கேனும் பயன்பட்டதே என்று ஆறுதல் கொள்ளலாம்! 2017 ஜூலையில் துறைமுகத்தின் ஏறத்தாழ 70 விழுக்காட்டு உரிமையை 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனமொன்றுக்கு இலங்கை அளித்தது. பெற்றது 112 கோடி டாலர். அவ்வாண்டின் தொடக்கத்தில், துறைமுகத்தை ஒட்டிய தொழில் வலயத்துக்கு 15,000 ஏக்கர் தரப்படும் என்ற செய்தி பரவியபோது, அம்பாந்தோட்டை மக்களும் பிக்குகளும் தெருவில் இறங்கிக் காவலரோடு மோதினர்.

கடனைக் கட்ட இயலாமையால் துறைமுகத்தைச் சீனம் பிடுங்கிக்கொண்டது என்று உலகெங்கும் எழுதுகின்றனர். அது சரியன்று. அந்த 112 கோடி டாலரால் துறைமுகக் கடன் தீர்க்கப்படவில்லை. அது இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் சேர்க்கப்பட்டது. பழைய கடன் பழையபடியே நின்றது. அதாவது, வேறு கடன்காரர்களின் தவணைகள் நெருங்கிய நேரத்தில் கைக்குப் பணம் வேண்டியிருந்தது. வீட்டில் விலை போகக்கூடிய பொருளாகத் துறைமுகம் இருந்தது. 2022 ஏப்ரல் 12இல் இலங்கை வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியபோது அதன் வெளிநாட்டுக் கடன் சுமார் 5,100 கோடி டாலர். அதில் சீனத்தின் பங்கைக் காட்டிலும் உலகப் பணச்சந்தையில் பத்திரங்கள் விற்று வாங்கிய கடனே பெரிது. அது ஏறத்தாழ 1,250 கோடி டாலர்.

பத்திரக் கடன்காரனுக்கு முகமில்லை. அவன் கொடி எதையும் நடுவதில்லை, பெயர்ப்பலகை வைப்பதில்லை, அவனுடைய பொறியாளர் நம் தெருவில் நடமாடுவதில்லை. ஆகையால் அவனுக்கெதிராக எவரும் ஊர்வலம் போவதுமில்லை. 2022 ஜூனில், மக்கள் பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்றுகொண்டிருந்த வேளையில், கரீபியன் கடலின் சிறு தீவு ஒன்றில் பதிவான ஹாமில்டன் ரிசர்வ் வங்கி, தன் பத்திரங்களுக்குரிய அசலும் வட்டியும் முழுமையாக வேண்டுமென்று நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அந்த வங்கியின் பெயரை அறிந்த இலங்கைக் குடும்பங்கள் எத்தனை இருக்கும்? சீனத்தின் கடன் கண்ணுக்குத் தெரிகிறது. அதுவே அதன் மீது பழி விழக் காரணம். ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: 2024இல் கடன்கள் சீரமைக்கப்பட்டபோது சீனமும் பிற நாட்டு அரசுகளும் கால நீட்டிப்பும் வட்டிக் குறைப்பும் தந்தனவே தவிர அசலைக் குறைக்கவில்லை. முகமில்லாப் பத்திரக்காரர்களோ அவ்வாண்டின் இறுதியில் அசலில் 27 விழுக்காட்டைத் தள்ளுபடி செய்தனர். நண்பன் எவன், அந்நியன் எவன் என்று எளிதில் பிரித்துவிட முடியவில்லை.

99 என்னும் எண்ணின் மீது நம் மனம் மீண்டும் மீண்டும் செல்கிறது. அது வெறும் வணிக வழக்கம் என்பர். ஆயினும் அந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. 1869இல் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாயின் குத்தகை திறப்பு நாளிலிருந்து 99 ஆண்டுகளுக்கு. அதற்கென எகிப்தின் ஆட்சியாளர் இஸ்மாயில் கடன்மேல் கடன் வாங்கினார். 1875இல் தம் நாட்டுப் பங்குகளைச் சுமார் 40 லட்சம் பவுனுக்குப் பிரிட்டனுக்கு விற்றார். மறு ஆண்டே கடன் கொடுத்த ஐரோப்பியர் எகிப்தின் வரவு செலவைத் தம் கையில் எடுத்துக்கொண்டனர். 1882இல் பிரிட்டிஷ் படை இறங்கிற்று. குத்தகைக் காலம் முடியப் பன்னிரண்டு ஆண்டுகள் இருக்கையில், 1956இல், நாசர் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். அதன் விலை ஒரு போர். இன்னொரு 99 ஆண்டுக் குத்தகை 1898இல் எழுதப்பட்டது. எழுதிக் கொடுத்தது சீனம். எழுதி வாங்கியது பிரிட்டன். நிலம் ஹாங்காங்கின் புதிய பிரதேசங்கள். 1997 வரை சீனம் அதற்காகக் காத்திருந்தது. அவ்வளவு ஏன், 1911இல் சிச்சுவான் மாநில மக்கள் தங்கள் இருப்புப்பாதையை அந்நிய வங்கிக் கடனுக்கு ஈடாக்குவதை எதிர்த்துக் கிளர்ந்ததே பேரரசைக் கவிழ்த்த புரட்சிக்கு ஒரு பொறியாயிற்று. குத்தகைக்குக் கொடுத்தவனின் வேதனையைச் சீனத்தைவிட நன்கறிந்த நாடு வேறில்லை. பட்டவன் பிறர்க்கு அதையே செய்வது எங்ஙனம் என்று வியக்கலாம். மனித வரலாற்றில் இது வியப்புக்குரியதன்று, வருத்தத்துக்குரியது.

அம்பாந்தோட்டைக் குத்தகை முடிவது 2116இல். 2017இல் கையெழுத்திட்டவர்களில் ஒருவரும் அன்று உயிரோடு இருக்கப் போவதில்லை. இன்று பிறந்த குழந்தையும் முதுமையடைந்து மறைந்திருக்கும். ஒரு தலைமுறை தன் கையெழுத்தால் மூன்று தலைமுறைகளைக் கட்டலாமா? இதுதான் நாம் இக்கட்டுரையில் எண்ணிப் பார்க்க விழையும் வினா.

நம் மார்க்கச் சட்டம் தனி மனிதனின் கடனைப் பற்றி நுட்பமாகப் பேசுகிறது. இறந்தவன் விட்டுச் சென்ற சொத்திலிருந்து முதலில் கடன் தீர்க்கப்பட வேண்டும். அதன் பிறகே வாரிசுகளுக்குப் பங்கு. ஆனால் சொத்து போதாதெனில் மீதியைத் தம் கைப்பொருளிலிருந்து கட்ட வேண்டுமென வாரிசுகள் கட்டாயப்படுத்தப்படுவதில்லை; மனமுவந்து கட்டினால் அது நன்மை. கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸாத் தொழுகையை நபி பெருமானார் (ஸல்) அவர்கள் தாம் முன்னின்று நடத்தாது நிறுத்தி, தோழரொருவர் அக்கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பின்னரே தொழவைத்தார்கள் என்பது நம் குடும்பங்களில் எல்லோரும் கேட்டறிந்த செய்தி. கடன் அத்துணைக் கனமானது. ஆயினும் அதன் கனம் கேளாமலே பிள்ளையின் தோளில் ஏறுவதில்லை. நாடுகளின் கடனோ வேறு வகையானது. அரசு இறப்பதில்லை, எனவே அதற்கு மரணச் சொத்து என்பதுமில்லை, கணக்கு முடியும் நாளுமில்லை. ராஜபக்ச போனார், மற்றொருவர் வந்தார், அவரும் போனார். கடன்பத்திரம் அதே இடத்தில் இருக்கிறது. தனி மனிதனுக்குக் கிடைக்கும் இரக்கம் ஒரு நாட்டின் குழந்தைகளுக்குக் கிடைப்பதில்லை.

இதற்கு மறுமொழி உண்டு. கடன் பிள்ளைகளைக் கட்டுமென்றால், துறைமுகமும் பிள்ளைகளுக்கே பயன்படுமன்றோ? பாட்டன் வாங்கிய கடனில் வெட்டிய கிணற்று நீரைப் பேரன் குடிக்கிறான். கடனில் பங்கேற்க அவனுக்கென்ன தடை? நியாயமான வாதம். அம்பாந்தோட்டையில்கூட இப்போது ஊர்திகளை ஏற்றி இறக்கும் கப்பல்கள் வருகின்றன, வேலை நடக்கிறது. 2025 ஜனவரியில் அங்கே 370 கோடி டாலர் செலவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை அமைக்கச் சீன நிறுவனமொன்று உடன்பட்டுள்ளது. எனவே பயனே இல்லை என்று நாம் சொல்லவில்லை. கிணறு வெட்டும் முன் எங்கே வெட்டுவது, எவ்வளவு ஆழம், என்ன வட்டி என்பதைக் குடும்பத்தார் அறிந்திருந்தார்களா என்றே கேட்கிறோம்.

திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று பிள்ளைகளைக் கேட்டால் தொழுகை என்பர், நோன்பு என்பர். உண்மையில் அது கடன் பத்திரம் எழுதுவதைப் பற்றியது. கடனை எழுத்தில் வடிக்க வேண்டும். எழுத்தர் நேர்மையாக எழுத வேண்டும். சாட்சிகள் இருக்க வேண்டும். இவை யாவரும் அறிந்தவை. அதில் இன்னொரு நுட்பம் உண்டு: பத்திரத்தின் வாசகத்தைச் சொல்ல வேண்டியவன் கடன் கொடுப்பவன் அல்லன், கடன் வாங்குபவன். அவன் அறியாதவனாகவோ இயலாதவனாகவோ இருந்தால் அவனுடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும். உலக வழக்கத்துக்கு இது நேர்மாறு. உலகில் பணமுள்ளவன் சொல்வான், இல்லாதவன் ஒப்பமிடுவான். பலவீனமான தரப்பின் வாயிலிருந்து சொல் வர வேண்டும் என்பதில், அவன் தான் ஏற்பதைத் தானே உணர்ந்து ஏற்கட்டும் என்னும் கருணை இருக்கிறது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு இன்றைய ஒப்பந்தங்களை அளந்து பார்க்கலாம். சீன அரசு அமைப்புகள் 24 நாடுகளோடு செய்த 100 கடன் ஒப்பந்தங்களை அமெரிக்க, ஜெர்மானிய ஆய்வு நிறுவனங்கள் நான்கு சேர்ந்து படித்து 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. 2014க்குப் பின் எழுதப்பட்ட அந்த ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றிலும் ரகசியம் காக்கும் விதி இருந்தது. தாம் எதற்குக் கடன்பட்டோம், எந்த விதிப்படி கடன்பட்டோம் என்பதை மக்களுக்குச் சொல்லக்கூடாதென ஆட்சியாளர் கட்டுப்படுகின்றனர். இங்கே பொறுப்பாளரே கடன் கொடுப்பவனோடு சேர்ந்து, தன் பொறுப்பிலுள்ளவனின் காதைப் பொத்துகிறான். நம் கருத்தில் குற்றம் கடனிலோ கட்டுமானத்திலோ இல்லை. இந்த மறைப்பில் இருக்கிறது. அதில் பாதிப் பங்கு கொழும்பில் அமர்ந்திருந்தவர்களுடையது. அவர்களை விட்டுவிட்டுப் பீகிங்கை மட்டும் தூற்றுவது, களவுக்குக் கதவு திறந்துவிட்ட வீட்டுக்காரனுக்கு விருந்து வைப்பதாகும்.

கடனின்றி வழி அமைக்கவே முடியாதா என்றால், முயன்றவர்கள் உண்டு. ஐரோப்பியக் கடனில் சிக்குண்டு 1881இல் தன் வருவாய்களில் பலவற்றைக் கடன்காரர்களின் நிர்வாகத்துக்கு விட்டுக்கொடுத்த உதுமானியப் பேரரசு, 1900இல் திமிஷ்கிலிருந்து மதீனாவுக்கு ஹிஜாஸ் இருப்புப்பாதையைத் தொடங்கியபோது அந்நியக் கடனை நாடவில்லை. உலக முஸ்லிம்களின் நன்கொடையாலும் உள்நாட்டு வரிகளாலும் சம்பளப் பிடித்தங்களாலும் சுமார் 1,300 கிலோமீட்டர் பாதை 1908இல் மதீனாவை அடைந்தது. இந்திய முஸ்லிம்களும் அதற்கு வாரி வழங்கினர். பத்தாண்டுகளுக்குள் போர் அதைச் சிதைத்துவிட்டது என்பது துயரம். அவ்வழி எல்லா நாட்டுக்கும் எல்லாக் காலத்துக்கும் ஒத்துவராது. சம்பளப் பிடித்தத்தை நன்கொடை என்பதும் சற்று மிகையே.

பொருளோடு பண்பாடும் பயணம் செய்கிறது. இலங்கையில் சீனமொழி கற்பிக்கும் கன்பூசியஸ் நிலையங்கள் பல்கலைக்கழகங்களில் இயங்குகின்றன. சீனக் கடனில் எழுந்த தாமரைக் கோபுரம் கொழும்பின் வானத்தை ஆள்கிறது. கடலை நிரப்பி 269 ஹெக்டேரில் துறைமுக நகரம் எழுந்துள்ளது. மொழி கற்பதில் தீங்கேதும் இல்லை. ஆங்கிலம் கற்ற நாம் சீனம் கற்பவரைக் குறைகூற இயலாது. நம்மை உறுத்துவது வேறொன்று. 2021 மே மாதம் கொழும்பில் சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீன உதவியோடு அமைந்த நூலகத்துக்கு வைத்த பெயர்க்கல்லில் சிங்களமும் ஆங்கிலமும் சீனமும் இருந்தன. அந்நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்றான தமிழ் இல்லை. கண்டனம் எழவே கல் அகற்றப்பட்டது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் சீனத்துக் கடற்படைத் தலைவர் கொண்டுவந்த கல்லில் தமிழ் இருந்தது. இந்தக் கல்லில் தமிழைத் தவறவிட்டது யார் என்று பார்த்தால், வந்தவனைவிட வீட்டிலிருந்தவனே காரணம் என்று தோன்றுகிறது. தன் வீட்டில் ஒருவனை மதியாதவன் வீட்டில், விருந்தாளியும் அவனைக் காணாமல் போகிறான். அவ்வாண்டு டிசம்பரில் சீனத் தூதர் யாழ்ப்பாணம் வந்து வேட்டி அணிந்து நல்லூர்க் கோயிலுக்குச் சென்றதையும், பொது நூலகத்தைப் பார்வையிட்டதையும் நாம் ஏளனம் செய்ய மாட்டோம். இந்தியா கவனிக்கும் கடற்கரையில் அவர் வேட்டி கட்டியது தற்செயல் என்றும் நம்ப மாட்டோம்.

அந்த வடகடலிலேதான் இன்னொரு சிறு நிகழ்ச்சி. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் காற்றாலும் கதிரவனாலும் மின்சாரம் தரும் திட்டம் 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. ராமேசுவரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் சீனரா என்று இந்தியா மறுப்புத் தெரிவித்தது. ஆண்டிறுதியில் சீனம் விலகிக்கொண்டது. இந்தியா மானியம் தர முன்வந்தது. 2024 மார்ச்சில் அவ்வேலை பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்குச் சென்றது. நம் ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் உள்ள ஊரின் நிறுவனம்! கடனுக்குப் பதில் மானியம் என்பது தீவு மக்களுக்கு நன்மையே. ஆனால் அந்த மூன்றாண்டுகள் டீசல் இயந்திர வெளிச்சத்தில் காத்திருந்த மீனவக் குடும்பங்களுக்கு, விளக்கு எந்த நாட்டினுடையது என்பது அவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்குமா? இரு யானைகளின் நடுவே இருக்கும் புல் எந்த யானையின் பக்கம் சாயும் என்று நாம் கணக்கிடுகிறோம், புல்லைக் கேட்பதில்லை.

இங்கே நம் ஊரிலும் சீனத்தின் நிழல் இருவிதமாக விழுகிறது. மல்பெரித் தோட்டங்கள் நிறைந்த இவ்வட்டாரத்தில் பட்டுக்கூட்டின் விலை நெடுங்காலம் சீனக் கச்சாப்பட்டின் விலையோடு ஏறி இறங்கி வந்தது. மலிவான அப்பட்டுக்கு 2003இல் இந்தியா குவிப்புத் தடுப்பு வரி விதிக்க நேர்ந்தது. மறுபுறம், உலக நிறுவனங்கள் சீனத்தை மட்டுமே நம்பியிராமல் வேறிடம் தேடத் தொடங்கியதால் நம் பக்கம் ஆலைகள் வந்தன. கெலமங்கலத்தை அடுத்த கிராமங்களில் கைப்பேசிப் பாகங்கள் செய்யும் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஜார்க்கண்ட் மலைக்கிராமங்களிலிருந்து வந்த பெண்கள் வேலை செய்கின்றனர். நான்கு மொழிகள் ஒலித்த கடைத்தெருவில் இப்போது ஐந்தாவதாக இந்தி கேட்கிறது. காய்கறி விற்பவர் அதற்கும் எண்கள் கற்றுக்கொண்டுவிட்டார். ஓசூருக்கு 1970களில் சிப்காட் வந்ததிலிருந்து இது வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அதனால் உயர்ந்த குடும்பங்கள் நம் சமுதாயத்திலும் பல உள்ளன.

ஆயினும், உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஊராட்சிகளில் மேலும் சுமார் 3,000 ஏக்கரைத் தொழிற்பூங்காவுக்கு எடுக்கும் முயற்சி எழுந்தபோது, அங்குள்ள விவசாயிகள் 2023 ஜனவரியில் காத்திருப்புப் போராட்டத்தில் அமர்ந்தனர். அம்பாந்தோட்டையில் 15,000 ஏக்கர் என்று கேட்டு எழுந்தவர்களும் இவர்களும் ஒருவரையொருவர் அறியார். அங்கே வந்தது சீனத்தின் பணம். இங்கே நம் நாட்டின் சட்டம், நம் மாநிலத்தின் நிறுவனம். நமது என்பதால் இங்கே எல்லாம் சரியென்றும், அந்நியன் என்பதால் அங்கே எல்லாம் சதியென்றும் சொல்ல நம்மால் இயலவில்லை. தக்காளியும் ரோஜாவும் விளையும் நிலத்தின் உடையவர் கேட்பது, அம்பாந்தோட்டை மீனவர் கேட்டதே: இந்த ஏட்டில் என் நிலத்தின் அளவையும் விலையையும் முதலில் சொன்னவர் யார்? அதை எழுதும்போது என்னை ஏன் கூப்பிடவில்லை?